கல்யாண மகாலில்தான் இறக்கிவிட்டேன்

என் தங்கையின் கல்யாணத்தன்று காலையில் தாலி காணாமல் போயிற்று. தாலி மட்டுமல்ல, அதைக் கொண்டுவந்தவரும் சேர்ந்து காணாமல் போனார். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். ஒன்பது மணிவரை எனக்கு இருந்தது வழக்கமாக எனக்கு வருகிற பதற்றம். அதற்குப் பிறகு வந்தது வேறு ரகம்.

வீட்டில் என்னை 'டென்ஷன் பார்ட்டி' என்பார்கள். சிலிண்டரை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். தொழிலும் அதற்கேற்றாற்போல் அமைந்துவிட்டது. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுச் செஞ்சியில் ஒரு சின்ன ரூமில் உட்கார்ந்து வீட்டு பிளான் போடுகிறேன். பில்லர் தாங்குமா, மாடிப்படி தலையில் இடிக்குமா, பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னலுக்காகச் சண்டைக்கு வருவானா என்று ஊரார் வீட்டுக்கெல்லாம் கவலைப்படுகிற வேலை. கவலை எனக்குச் சும்மாவே வரும் என்பதால் வேலை கஷ்டமாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஊரில் பிடித்த ஒரே கட்டடம் கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகால். டிப்ளமோ கடைசி வருஷத்தில் புராஜெக்ட்டுக்காக டேப்பும் பேப்பருமாக அதை முழுவதும் அளந்தேன். ராஜகிரி அடிவாரத்தில், கீழ்க்கோட்டை வாசலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். சதுரமாக ஒரு முற்றம். அதைச் சுற்றி வளைவு வளைவாகத் தாழ்வாரமும் சின்னச் சின்ன அறைகளும். முற்றத்து நடுவில் அடுக்கின் மேல் அடுக்காக எட்டு அடுக்கு ஏறி நிற்கிற கோபுரம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே ஒரு அறைதான், சுற்றிலும் திறந்த வளைவுகள். உச்சியில் கூம்பிப் போகிற கூரை. வளைவைப் பார்த்தால் மசூதி வேலை, கூரையைப் பார்த்தால் கோயில் வேலை. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் நிற்கின்றன.

நாயக்கர்கள் கட்டியது என்பார்கள். அவர்களுக்குப் பிறகு பிஜப்பூர்க்காரர்கள், மராத்தியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. ராணிகள் குடியிருந்த இடம் என்று ஒரு கதை. ராஜா வீட்டுக் கல்யாணங்கள் நடந்த இடம் என்று பெயரை வைத்துக்கொண்டு இன்னொரு கதை. இரண்டாவது கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அத்தனை கூட்டத்துக்கு அங்கே பந்தி எங்கே போடுவது? அடுக்களை எங்கே? பிளான் போடுகிறவனாகச் சொல்கிறேன், அது வெயிலுக்கு ஒதுங்கக் கட்டின வீடு.

செஞ்சி வெயில் தெரிந்தவர்களுக்கு அது உடனே புரியும். எங்கள் ஊர் மலை மண் மலை அல்ல, உருண்டைப் பாறைகளை அள்ளிக் கொட்டி வைத்த மலை. பகலெல்லாம் குடித்த சூட்டை அந்தப் பாறைகள் ராத்திரியில் திருப்பி விடும். இந்த அடிவாரத்தில் கோடையைத் தள்ள வேண்டுமென்றால் தரையில் இருக்க முடியாது, மேலே போக வேண்டும். அதனால்தான் அடுக்கு. கீழே முற்றத்தில் குளிர்கிற காற்று மேல் அடுக்குகளின் வளைவுகள் வழியாக ஓடுகிறது. சுவருக்குள்ளேயே சுட்ட மண் குழாய் பதித்து மேல் அடுக்குகள் வரைக்கும் தண்ணீரை ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் இல்லாத காலத்தில் மாடியில் குளித்த ராணிகள். அதே வீட்டில் படிக்கட்டை மட்டும் ஒரு ஆள் ஒடுங்கி ஏறுகிற அகலத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். கூட்டமாக யாரும் மேலே பாய்ந்துவிட முடியாது. வெயிலுக்கும் பயந்து எதிரிக்கும் பயந்து கட்டின வீடு. கட்டினவன் என்னைப் போல ஒரு டென்ஷன் பார்ட்டியாகத்தான் இருந்திருப்பான் என்று அளந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் ஊரில் யாராவது 'கல்யாண மகாலுக்குப் போகிறேன்' என்று சொன்னால் கோட்டைக்குப் போகிறார் என்று அர்த்தமில்லை, மொய்க் கவரோடு சாப்பாட்டுக்குப் போகிறார் என்று அர்த்தம். திண்டிவனம் ரோட்டில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று என்று கல்யாண மகால்கள் நிறைய வந்துவிட்டன. நாங்கள் பிடித்திருந்த மண்டபத்துக்கு முதலாளியின் அப்பா, அம்மா இரண்டு பேர் பெயரும் சேர்ந்து நீளமான பெயர். அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. பத்திரிகையில் முழுப் பெயர் இருந்தது. வாயில் வந்ததெல்லாம் 'கல்யாண மகால்'தான்.

மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். அப்பாவின் அக்காதான் எடுத்து வளர்த்தார். அரக்கோணம் பக்கம் ஒரு கிராமம். அந்த அம்மாவும் கல்யாணமான சில வருஷத்திலேயே கணவனை இழந்தவர், பிள்ளை கிடையாது. "எங்க அத்தைதான் எனக்கு அம்மா" என்று பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளை சொன்னார். சொன்னாரே தவிர அத்தை அன்றைக்கும் வரவில்லை, நிச்சயதார்த்தத்துக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்கே தெரியும்.

அவர்கள் வழக்கப்படி தாலியைக் கல்யாணத்தன்று விடியற்காலையில் குலதெய்வத்தின் காலடியில் வைத்து எடுத்து வர வேண்டும். கோயில் அத்தை இருக்கும் ஊரில். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் முதல் நாள் சாயங்காலமே ரிசப்ஷனுக்கு வந்துவிட, அத்தை மட்டும் காலையில் சாமிக்கு வைத்து எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் வருவதாக ஏற்பாடு.

ரிசப்ஷன் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா என்னிடம் வந்து குனிந்தார். எங்கள் வீட்டில் நைனா கையெழுத்துப் போடுவார், அம்மா தலையாட்டுவாள், முடிவெடுப்பது பெரியம்மா. கெட்டவர் அல்ல. எனக்கு அம்மை போட்டிருந்தபோது ராவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறியவர் அவர்தான்.

"காலைல அந்தம்மா வருவாங்க இல்ல," என்றார், "வாசல்லயே நீ நில்லு. தாலிய நீ கையில வாங்கிக்கினு வந்து எங்கிட்ட குடுத்துடு. நான் தட்டுல வச்சி எடுத்துக்கினு போறேன். அவங்கள பின்னாடி வரிசையில பேன் பக்கமா உக்கார வையி. மரியாதையா சொல்லு, மனசு நோவாத மாதிரி."

"நான் எப்பிடி பெரிம்மா சொல்றது?"

"நீதான்டா சொல்லணும். உனக்குத்தான் தணிஞ்ச வாயி. பொண்ணு நல்லா இருக்கணும் இல்ல?"

பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. இலையைப் பாதியிலேயே மூடிவிட்டு எழுந்தேன். மனசு நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்று படுக்கையிலும் யோசித்தேன். 'வாங்க அத்தை, குடுங்க நான் வச்சிருக்கேன்' என்று சிரித்துக்கொண்டே வாங்கிவிடலாமா? சிரித்தால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது.

காலையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில், பன்னீர் சொம்புக்குப் பக்கத்தில் நின்றேன். வருகிற ஒவ்வொரு காரும் அவர் வருகிற காராக இருக்குமோ என்று எட்டிப் பார்ப்பேன். வேறு யாராவது இறங்கினால் அப்பாடா என்று இருக்கும். அவர் வந்தாக வேண்டும், ஆனால் இப்போதே வந்துவிடக் கூடாது. இந்த இரண்டு நினைப்பையும் வைத்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது தாண்டியது. ஐயர் மந்திரத்தை மெதுவாக்கினார். மாப்பிள்ளை மணவறையிலிருந்தே எட்டி எட்டி வாசலைப் பார்த்தார். அவருடைய சித்தப்பா அத்தைக்குப் போன் போட்டார். எடுத்தது டிரைவர்.

சித்தப்பாவுக்குப் பாதி கேட்கவில்லை, மேளச் சத்தம். போனை என்னிடம் கொடுத்தார்.

"அந்தம்மா செல்போன வண்டியிலயே சார்ஜ்ல உட்டுட்டாங்க சார்," என்றார் டிரைவர். "நான் டிராப் மட்டுந்தான். திண்டிவனம் கிட்ட வந்துட்டேன். திரும்பி வந்து குடுத்துடறேன்."

"போன் இருக்கட்டும்ணா. அவங்கள எங்க எறக்கி உட்டீங்க?"

"கல்யாண மகால்லதான் எறக்கி விட்டேன்."

"எப்போ?"

"இப்பத்தான் சார், அர அவருக்கு மேல இருக்கும்."

அப்படியென்றால் உள்ளேதான் இருக்க வேண்டும். என்னைத் தாண்டி எப்படிப் போனார்? நான் யாருக்கோ பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தபோது போயிருப்பார். பின்வாசல் வழியாகப் போயிருப்பார். தாமே பின் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாரோ? பின் வரிசையைப் பார்த்தேன். பந்தி ஹாலைப் பார்த்தேன். சமையல்கட்டில் பார்த்தேன். பெண்கள் பக்கத்துப் பாத்ரூமைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். மாடி ரூம்களைத் திறந்தால் ஒன்றில் யாரோ சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தட்டில் மஞ்சள் அரிசியோடு என் பின்னாலேயே வந்தார். "இன்னாடா, வாசல்ல நில்லுன்னா வேடிக்க பாத்துக்கினு நின்னியா?" என்றார். நைனா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படித் துடைத்தால் அவருக்குப் பிரஷர் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

மறுபடியும் டிரைவருக்குப் போட்டேன்.

"அண்ணா, இங்க அவங்க இல்ல. நல்லா யோசிச்சி சொல்லுங்க. கல்யாண மகால் வாசல்ல வாழ மரம் கட்டியிருந்துச்சா?"

"வாழ மரம்லாம் இல்லியே சார். போன்ல 'கல்யாண மகால், செஞ்சி'ன்னு போட்டேன். அதுவே கூட்டிக்கினு போச்சு. ரெண்டு பக்கமும் மலையா இருந்துச்சு. டிக்கெட் கவுன்டர் கிட்ட எறக்கி விட்டேன். மாலையோட ஒரு பொண்ணு கூட நின்னுச்சே, போட்டோ எடுத்துக்கினு இருந்தாங்களே சார்."

கல்யாண மகால் என்று தட்டினால் கைபேசி எதைக் காட்டும்? நாங்கள் நேற்று வாழை மரம் கட்டிய மண்டபத்தையா, ராஜாக்கள் காலத்திலிருந்து அந்தப் பெயரோடு நிற்கிற வீட்டையா? இந்த ஊரில் அந்த மகாலைப் பற்றி அதிகமாகப் பேசிக் கழுத்தறுக்கிறவன் நான்தான். எனக்கே அது முதலில் தோன்றவில்லை.

என் சித்தப்பா மகனின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வேட்டி செயினில் சிக்குமோ என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை வரைக்கும் பெரிய தூரமில்லை. ஆனால் அன்றைக்கு எங்கிருந்தோ ஒரு கரும்பு லாரி வந்து எனக்கு முன்னால் ஆடி ஆடிப் போனது. அந்த அம்மா வயசானவர், காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார், விரதம் வேறு இருப்பார். வெயிலில் மயங்கி விழுந்திருந்தால்? பையை யாராவது பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்? தாலி இல்லாமல் முகூர்த்தம் தவறினால் அதைப் பெரியம்மா யார் தலையில் போடுவார் என்று எனக்குத் தெரியும். 'அந்தம்மா கைய வச்சாங்க, இப்பிடி ஆச்சு' என்பார். அந்த ஒரு வாக்கியம் அந்த அம்மாவை ஆயுசுக்கும் விடாது. தாலியைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

டிக்கெட் கவுன்டரில் இருந்தவர் என் வேட்டியையும் சந்தனப் பொட்டையும் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

"ஒரு அம்மாவ தேடறீங்களா? சந்தன கலர்ல பட்டுப் பொடவ? டிக்கெட்டு கேட்டா 'கல்யாணத்துக்கு எதுக்குப்பா டிக்கெட்டு'ன்னாங்க. போட்டோ புடிக்க வந்தவங்க சிரிச்சிக்கினே அவங்களுக்கும் சேத்து எடுத்துட்டாங்க. அவங்களோடதான் மகாலுக்குப் போனாங்க."

உள்ளே ஓடினேன். இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போட்டோ எடுக்கிறார்களே, அதற்குத் திண்டிவனம், பாண்டிச்சேரியிலிருந்தெல்லாம் இந்த மகாலுக்கு வருகிறார்கள். முற்றத்தில் வெள்ளைக் குடை, விளக்கு, வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடும் வெள்ளி அட்டை. தாழ்வாரத்து வளைவு ஒன்றின் கீழ் பட்டுப் புடவையும் மாலையுமாக ஒரு பெண் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். மாப்பிள்ளைப் பையன் அப்போதுதான் ஒரு அறையிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். எங்கேயும் அத்தையைக் காணோம்.

"அந்தம்மாவா?" என்றார் கேமராக்காரர், கண்ணை எடுக்காமல். "கீழ வெயிலா இருக்குதுன்னு மேல போனாங்க."

மேலே! அந்தப் படியின் உயரம் எனக்குத் தெரியும், நான் அளந்த படி. கைப்பிடி கிடையாது, உள்ளே இருட்டு, வௌவால் நாற்றம். மேல் அடுக்குகள் சில நாள் பூட்டியிருக்கும், சில நாள் திறந்திருக்கும். எதிரி ஏறி வரக் கூடாது என்று கட்டினவன் சம்பந்தி வீட்டு அம்மா ஏறுவார் என்று நினைத்திருக்க மாட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது அடுக்கில் யாரும் இல்லை. அங்கிருந்த வளைவு வழியாகப் பார்த்தால் கோட்டை மதிலும் அதற்கு அந்தப் பக்கம் மரங்களும் தெரியும். மூச்சு வாங்கி ஒரு நிமிஷம் நின்றபோது வேண்டாத ஞாபகம் ஒன்று வந்தது. சண்டையில் செத்த இந்தக் கோட்டை ராஜாவின் மனைவி, சின்னப் பெண், அவனோடு தீயில் இறங்கினாள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். குளத்தங்கரையில் ஒரு மேடையைக் காட்டுவார்கள். ராணிகளின் வீடு என்று இத்தனை வருஷம் வாய் ஓயாமல் சொன்ன நான், புருஷன் செத்த ராணிக்கு இந்த வீட்டில் எந்த அறை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பின் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிற வீட்டிலிருந்து வந்தவன் நான். அப்போது யோசித்து மட்டும் என்ன ஆகப் போகிறது என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்றாவது அடுக்கில் இருந்தார். வளைவுக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெறும் நெற்றியில் துளி விபூதி. உயிரோடு, நல்லபடியாக, காற்று வாங்கிக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

"யாருப்பா, பொண்ணு வீடா?" என்றார். "வாப்பா. இன்னா மண்டபம்ப்பா இது! கரன்ட்டு இல்லாமலே இன்னா காத்து வருது பாரு. படிதான் கொஞ்சம் ஒசரம். கீழ ஒரு சேர் கூட போடல. அப்பறம் போடுவாங்கன்னு இருக்கேன்."

"அத்தை, தாலி..."

"இதோ இருக்குது." பையைத் தட்டிக் காட்டினார். "எங்க எடுத்துக் குடுக்கணும்னு யாருமே சொல்லல. மாப்ள ரெடியாவுறாரு, வந்துடுவாருன்னாங்க. நானும் சும்மா நிக்கக் கூடாதுன்னு மேல வந்துட்டேன். கல்யாணத்துல நான் முன்னாடி நிக்க மாட்டேம்ப்பா, பழக்கமில்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"உங்க வீட்டுப் பொண்ணு இருக்குதே, நூத்துல ஒண்ணுப்பா. போன்ல காட்டுனப்போ ஒல்லியா தெரிஞ்சிது. மேக்கப் போட்டதும் ஆளே வேற மாதிரி இருக்குது. என்னப் பாத்ததும் நேரா வந்து கால்ல வுழுந்துச்சு. மாலையோட! நான் பின்னாடி நவுந்துக்கினேன். வாணாம்மா, எங்கிட்ட வாணாம், சுமங்கலிங்ககிட்ட வாங்கிக்கன்னு சொன்னேன். கேக்கல, கிட்ட வந்து வுழுந்துச்சு. எந்த வூட்லயும் எனக்கு இப்பிடி நடந்ததில்ல."

போட்டோவுக்காக விழுந்திருக்கிறாள். வழியில் கிடைத்த ஒரு பெரியவர் காலில் விழுவது போல ஒரு போஸ். கீழே நின்றிருந்த அந்தப் பெண்ணை மனசுக்குள் கும்பிட்டேன். அதே நேரத்தில், இவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் அழைத்துப் போகவும் முடியாது, கீழே அந்தப் பெண்ணின் பக்கத்தில் வேறொரு மாப்பிள்ளை நிற்கிறான்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. இது கோட்டை என்றும், ராஜா காலத்து மகால் என்றும், நம் மண்டபம் ஊருக்குள் என்றும், டிரைவரின் போன் தப்பாகக் காட்டிவிட்டது என்றும் குளறினேன்.

மணி ஆகிறது என்பதோ, தாலி அங்கே இல்லை என்பதோ அவருக்கு முதலில் தோன்றவில்லை.

"அப்போ அந்தப் பொண்ணு உங்க வூட்டுப் பொண்ணு இல்லியா?" என்றார்.

"இல்ல அத்தை."

"ம்," என்று தலையாட்டினார். முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது. நான் பிடிப்பதற்குள் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டார். "நேரமாவுது, வா."

படியில் நான் முன்னால் இறங்கினேன், விழுந்தால் என் மேல் விழட்டும் என்று. முற்றத்தைத் தாண்டும்போது அந்தப் பெண் கேமராவை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அத்தையும் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். "நல்லா இரும்மா," என்று சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டார். பை எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. மதிலைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் என் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"தாலிய வாசல்லயே உங்கிட்ட குடுத்துடறேம்ப்பா. நீ உள்ள எடுத்துக்கினு போயிடு. நான் பின்னாடி எங்கனா உக்காந்துக்கறேன். ஒண்ணும் நெனச்சிக்காத, எனக்குத் தெரியும்."

ராத்திரியெல்லாம் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று நான் தேடிய வார்த்தைகளை அவரே எனக்காகச் சொல்லிவிட்டார். எனக்கு வேலை மிச்சம். நியாயமாக எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு மூச்சு அழ வேண்டும் போல இருந்தது. நேரமில்லை.

நான் வீரமானவன் இல்லை. மண்டபத்தில் நாலு பேர் முன்னால் நின்று, பெரியம்மாவைப் பார்த்து, 'இவங்கதான் தாலியக் கொண்டு வரணும்' என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சொன்னால் நைனாவுக்குப் பிரஷர் ஏறும், பெரியம்மா அழுவார், கல்யாண வீட்டில் சண்டை என்று ஊர் பேசும். அதெல்லாம் ஒவ்வொன்றாக என் தலையில் ஓடியது. ஓடி முடிப்பதற்குள் மண்டபம் வந்துவிட்டது.

வாழை மரத்தின் கீழே பெரியம்மா தட்டோடு நின்றிருந்தார். உள்ளே ஐயரின் குரல், "தாலி எங்க, தாலி எங்க?" என்று மைக்கிலேயே கேட்டது. அத்தை இறங்கினார். பையிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த தாலியை எடுத்தார். எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

நான் பைக்கின் இரண்டு ஹேண்டில்பாரையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னால வாங்க முடியாது அத்தை, வண்டிக்கு ஸ்டாண்டு நிக்காது!" என்று கத்தினேன். "நேரம் ஆயிடுச்சு, நீங்களே ஓடுங்க! ஓடுங்க!"

அவர் ஒரு கணம் என் கையைப் பார்த்தார். பெரியம்மா ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் உள்ளேயிருந்து மாப்பிள்ளை "அத்தை!" என்று எழுந்து நின்றுவிட்டார். அத்தை ஓடினார். முழங்கால் வலி உள்ளவர் எப்படி ஓடுவாரோ அப்படி, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுப் பாதை வழியாக, இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த அத்தனை சுமங்கலிகளையும் தாண்டி ஓடினார். அந்த அவசரத்தில் யாருக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை. தட்டும் வரவில்லை, மஞ்சள் அரிசியும் வரவில்லை. மணவறையில் ஏறி, முடிச்சை அவிழ்த்து, தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். ஐயர் கையைத் தூக்க, மேளம் கொட்டியது.

"நீ ஏன்டா வாங்கல?" என்றார் பெரியம்மா. தட்டு அவர் கையிலேயே இருந்தது.

"ஸ்டாண்டு வேல செய்யல பெரிம்மா."

அவர் பைக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தட்டிலிருந்த அரிசியை அள்ளி, வாசலில் நின்றபடியே மணவறைப் பக்கமாகப் போட்டார். பாதி என் மேல் விழுந்தது.

தாலி கட்டி முடிந்து பெரியவர்கள் காலில் விழுகிற நேரம் வந்தது. மற்றவர்களெல்லாம் கீழே இருந்தார்கள். மேலே பக்கத்தில் நின்ற பெரியவர் அத்தை ஒருவர்தான், இறங்குவதற்கு வழி கிடைக்காமல் நின்றிருந்தார். என் தங்கைக்குக் கோட்டையில் நடந்தது எதுவும் தெரியாது. மாலையோடு திரும்பிக் குனிந்தாள். அத்தை பின்னால் நகர்ந்தார், வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார். தங்கை ஒரு அடி முன்னால் வந்து அவர் காலைத் தொட்டாள்.

அத்தை குனிந்தவர் நிமிரவில்லை. என் தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, இது கோட்டையில் பார்த்த பெண்ணா, வேறு பெண்ணா என்று தேடுகிறவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளைக் கட்டிக்கொண்டார். அங்கிருந்து அவர் கண்கள் கூட்டத்துக்கு மேலாக வாசலைத் தேடி வந்தன. நான் அப்போதும் நல்ல ஸ்டாண்டு உள்ள அந்த பைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.